கடல் சோறு போடும் தீவுகள்: ஸ்வால்பார்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருஷம் ஜூன் கடைசியில் எட்டு நாள் ஸ்வால்பார்டில் இருந்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து உறவிலும் நட்பிலும் அதைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. முதல் கேள்வி கரடி, இரண்டாவது குளிர், மூன்றாவது "அங்கே பெங்குவின் பார்த்தியா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், அப்போது பாதியில் விட்ட பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

ஸ்வால்பார்டு எங்கே இருக்கிறது? தனி நாடா?

தனி நாடு இல்லை, நார்வேக்குச் சொந்தம். நார்வேயின் வடகோடிக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவழியில், 74 முதல் 81 டிகிரி வட அட்சரேகைக்குள் கிடக்கும் தீவுக்கூட்டம். மொத்தப் பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர், அதாவது இலங்கையை விடக் கொஞ்சம் சிறியது. அதில் பாதிக்கு மேல் பனியாறுகள் மூடிக் கிடக்கின்றன. பெரிய தீவின் பெயர் ஸ்பிட்ஸ்பெர்கன், 'கூர்மலைகள்' என்று பொருள். 1596-இல் டச்சு மாலுமி வில்லம் பாரென்ட்ஸ் வந்து பார்த்து வைத்த பெயர்.

பூர்வகுடிகள் என்று யாரும் இல்லை. இன்று லாங்யர்பியன் என்ற ஊரில் சுமார் 2,500 பேர், பாரென்ட்ஸ்பர்க் என்ற ரஷ்யச் சுரங்க ஊரில் சில நூறு பேர், நி-ஓலெசுண்டில் ஆராய்ச்சியாளர்கள். அவ்வளவுதான் ஜனத்தொகை.

துருவத்துக்கு அவ்வளவு பக்கத்தில் மனிதர்கள் எப்படி இருக்க முடிகிறது?

கடல்தான் காரணம். இந்தப் பக்கத்தில் பல கேள்விகளுக்கு இதே பதில்தான் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பும் வெந்நீரோட்டத்தின் ஒரு கிளை ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. 'வெந்நீர்' என்றதும் குளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், சில டிகிரிதான். ஆனால் கடல் உறையாமல் இருக்க அது போதும். அதனால்தான் மேற்குக் கரையில் ஊர்கள் உண்டு. கிழக்குக் கரைக்குத் துருவத்திலிருந்து இறங்கும் குளிர்நீர் வருகிறது. அங்கே ஊரே கிடையாது.

ஜூலையில் சராசரி 6, 7 டிகிரி. நான் இருந்தபோது காற்று அடிக்காத வேளையில் ஸ்வெட்டரே போதுமாக இருந்தது, காற்று வந்தால் மூன்று சட்டை போட்டாலும் பத்தவில்லை. மழையும் பனியும் சேர்த்தே லாங்யர்பியனில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் அளவுதான் விழுகிறது. கணக்குப்படி அது பாலைவனம்.

ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவா?

அது துருவப் புள்ளியில். லாங்யர்பியனில் ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்டு 22 வாக்கு வரை சூரியன் மறைவதில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை எழுவதில்லை. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழுவது இன்னும் தள்ளி மார்ச் 8-ஆம் தேதி. அன்று பழைய மருத்துவமனையின் படிக்கட்டில் கூட்டமாக நின்று சூரியனைக் கூப்பிடுகிறார்கள். மருத்துவமனை இப்போது இல்லை, படிக்கட்டை மட்டும் இதற்காக வைத்திருக்கிறார்கள்.

விருந்தாளியின் பாடு வேறு. ராத்திரி ஒரு மணிக்கு ஜன்னலில் மதிய வெயில் மாதிரி அடிக்கும். முதல் மூன்று நாள் எனக்குத் தூக்கமே இல்லை. கலைமான்கள் இதில் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்கின்றன: நடுக்கோடையிலும் நடுக்குளிர்காலத்திலும் இரவு பகல் என்ற கணக்கையே விட்டுவிடுகின்றன. பசித்தால் மேய்ச்சல், வயிறு நிறைந்தால் அசைபோடல், கடிகாரம் கிடையாது.

அங்கே மரமே கிடையாதா?

உண்டு, குனிந்து தேட வேண்டும். துருவ வில்லோ என்ற மரம் கணுக்கால் உயரம்கூட வராது. தண்டு மண்ணுக்குள்ளும் பாசிக்குள்ளும் ஓடுகிறது, இலை மட்டும் வெளியே தலை நீட்டுகிறது. 'ஸ்வால்பார்டில் காட்டுக்குள் வழி தவறினால் எழுந்து நின்றால் போதும்' என்று எங்கள் வழிகாட்டிப் பெண் சொன்னாள். அந்தத் தீவில் இறங்கும் ஒவ்வொரு குழுவுக்கும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

நிலத்துக்குக் கீழே எப்போதும் உறைந்தே கிடக்கும் மண். கோடையில் மேலே சில அடி மட்டும் இளகும். வேர் அதற்குள்தான் பிழைக்க வேண்டும். பூக்களின் தந்திரம் பார்க்கத் தக்கது. ஸ்வால்பார்டு பாப்பிப் பூ கிண்ணம் போல விரிந்து வெயிலை நடுவில் குவிக்கிறது. பூவுக்குள் வெளியை விடச் சூடு அதிகம், பூச்சிகள் அங்கே வந்து உட்கார்ந்து குளிர் காய்கின்றன. கற்பாறைகளில் ஆரஞ்சும் கறுப்புமாகப் படர்ந்திருப்பது லைக்கன். நாம் பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான், தூரத்துச் சொந்தம்.

அப்படியானால் அங்கே இருக்கும் பிராணிகள் எதைத் தின்கின்றன?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. மண் ஏழை. கடல் பணக்காரன். கடலில் விளைவதைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை பறவைகள்.

பியோர்ன்டாலன் என்ற பள்ளத்தாக்கு, விமான நிலையத்துக்கு அப்பால். ஒரு பக்கம் செங்குத்தாகக் கற்சரிவு. கீழிருந்து பார்த்தால் வெறும் கல். சத்தம் மட்டும் கேட்கும்: கல்யாண வீட்டில் அடுத்த அறையில் சிறுமிகள் கூட்டமாகச் சிரிப்பது மாதிரி. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் கல்லுக்குக் கல் கறுப்பும் வெள்ளையுமாக ஒவ்வொன்று தலை காட்டும். லிட்டில் ஆக் என்ற கடற்பறவை. எடை 160 கிராம் அளவு, கையில் அடங்கிவிடும். பெரிய கடற்காகம் ஒன்று மேலே நிழலாகப் போனதும் சரிவு முழுவதும் ஒரே வீச்சில் எழும்பும். ஆயிரக்கணக்கில், ஒரு பெரிய துணியை உதறினாற்போல். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப அதே கல்லில் உட்காரும். ஸ்வால்பார்டில் இவை பத்து லட்சம் ஜோடிக்கும் மேல்.

இவற்றின் தீனி கோபிபாட் என்ற கடலுயிர். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு, அரிசிமணி அளவு, உடம்பு முழுக்கக் கொழுப்பு. ஒரு பறவை ஒரு நாள் பிழைக்கச் சுமார் 60,000 கோபிபாட் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொண்டைக்குக் கீழே உள்ள பையில் நிரப்பி, கிலோமீட்டர் கணக்கில் பறந்து வந்து, கல்லிடுக்கில் இருக்கும் ஒற்றைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன.

ஊட்டியது போக மிச்சம் எச்சமாகச் சரிவில் விழுகிறது. அங்கேதான் விஷயம். பறவைகள் இருக்கும் சரிவுக்கு அடியில் மட்டும் பாசி மெத்தை போட்டாற்போல் பச்சைப் பசேலென்று இருக்கும். நூறு மீட்டர் தள்ளினால் மறுபடி பழுப்புச் சரளை. அந்தப் பச்சையைத் தேடிக் கலைமான் வருகிறது, காட்டு வாத்து வருகிறது, பறவைக் குஞ்சுக்காக நரி வருகிறது. நரி கோடையில் முட்டையையும் பறவையையும் கல்லுக்கு அடியில் ஒளித்து வைத்துக் குளிர்காலத்தில் எடுத்துத் தின்கிறது. ஊறுகாய் போட்டு வைக்கிற கதைதான்.

துருவக்கரடிகள் மனிதர்களை விட அதிகமாமே?

சுற்றுலா விளம்பரங்களில் 3,000 கரடி என்று போடுவார்கள். 2004-இல் எடுத்த கணக்கில் பாரென்ட்ஸ் கடல் முழுவதற்கும் சேர்த்து, ரஷ்யப் பக்கத்தையும் உள்ளடக்கி, வந்த எண்ணிக்கை சுமார் 2,650. ஸ்வால்பார்டிலேயே வருஷம் முழுக்கத் தங்கும் கரடிகள் 300-க்குள்தான். மீதியெல்லாம் பனி விளிம்போடு வடக்கும் கிழக்குமாகப் போய்வருபவை. ஆக, ஸ்வால்பார்டில் கரடிகளை விட மனிதர்கள்தான் அதிகம். எனக்கு எட்டு நாளில் ஒரு கரடிகூடக் கண்ணில் படவில்லை. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்க முடியாது.

கரடி தரைப் பிராணி மாதிரித் தெரிந்தாலும் பிழைப்பு கடலில். உறைந்த கடலில் சீல் என்ற கடல்நாய் மூச்சு விட வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். வசந்தத்தில் வளையச் சீல்கள் பனிக்கட்டியின் மேல் படிந்த பனிக்குவியலைக் குடைந்து அதற்குள் குட்டி போடும். கரடி மோப்பம் பிடித்துக் கூரையை முன்னங்காலால் அடித்து உடைக்கும். பிடித்ததும் முதலில் தின்பது கொழுப்பைத்தான். இறைச்சியை மிச்சம் விட்டால் பின்னாலேயே வரும் நரிக்கு.

1973-இல் ஸ்வால்பார்டில் வேட்டை நின்றது. கரடி வாழும் ஐந்து நாடுகளும் அதே ஆண்டு ஆஸ்லோவில் ஒப்பந்தம் போட்டன.

இப்போது பனி குறைகிறது. அதனால் கரடிகள் எலும்பும் தோலுமாக ஆகிவிட்டன என்று படம் போட்டுப் பரப்புகிறார்கள். ஸ்வால்பார்டைப் பொறுத்தவரை அது சரியில்லை. நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தினர் 1990-களிலிருந்து கரடிகளை மயக்கி அளந்து வருகிறார்கள். உடம்பில் கொழுப்பு இன்னும் மோசமாகக் குறையவில்லை. கரடிகள் வேறு தீனி தேடிக்கொண்டன. வாத்து முட்டையைக் கூடு கூடாகக் காலி செய்கின்றன. 2020 ஆகஸ்டில் ஹார்ன்சுண்டில் உள்ள போலந்து ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கரடி கலைமானைக் கடலுக்குள் விரட்டி, மூழ்கடித்துக் கொன்று, கரைக்கு இழுத்துத் தின்றதை நேரில் பார்த்துப் பதிவு செய்தார்கள்.

இடி விழுவது வேறு இடத்தில்: பிரசவத்தில். சினைக் கரடிகள் இலையுதிர் காலத்தில் கிழக்கே உள்ள ஹோப்பன், கோங் கார்ல்ஸ் லேண்ட் தீவுகளுக்குப் போய்ப் பனிக்குள் குகை தோண்டிக் குட்டி போடுவது வழக்கம். கடல் நேரத்தில் உறையாவிட்டால் நடந்து போக வழியில்லை. பனி தாமதமாக வந்த ஆண்டுகளில் ஹோப்பனில் குகைகள் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கு மெலிந்த கரடியின் படத்தில் தெரியாது.

ஊருக்குள் கரடி வருமா? எல்லாரும் துப்பாக்கியோடுதான் திரிகிறார்களா?

எப்போதாவது வரும். ஊர் எல்லையில் சிவப்பு முக்கோணத்துக்குள் கரடி படம் போட்ட பலகை இருக்கிறது, கீழே 'ஸ்வால்பார்டு முழுமைக்கும் பொருந்தும்' என்று நார்வேஜிய மொழியில் எழுதியிருக்கும். எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நானும்தான்.

அந்தப் பலகையைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் வைத்திருக்கச் சொல்கிறார்கள். ஊருக்குள் குண்டு போட்ட துப்பாக்கி கூடாது. கடை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வது போலத் துப்பாக்கி கொண்டுவராதே என்று ஒட்டியிருப்பார்கள். ஆபத்து கற்பனை இல்லை: 2011-இலும் 2020-இலும் கூடாரத்தில் இருந்தவர்களைக் கரடி கொன்றிருக்கிறது. கரடியைச் சுட நேர்ந்தால் ஆளுநர் அலுவலகம் கொலை வழக்கு மாதிரி விசாரிக்கிறது. 2025-இலிருந்து மார்ச் முதல் ஜூன் வரை கரடிக்கு 500 மீட்டரும், மற்ற மாதங்களில் 300 மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் படம் எடுப்பவர்கள் திட்டுகிறார்கள். கரடிகள் திட்டவில்லை.

கலைமான் ஊருக்குள்ளேயே மேயுமாமே?

மேயும். நான் தங்கிய விடுதியின் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒன்று தினமும் வந்தது. ஐந்து மீட்டரில் நின்று பார்த்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புல்லைப் பல்லால் அரக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது, கத்தரியால் காகிதம் வெட்டுகிற மாதிரி. குளிர்கால மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, பழைய மெத்தை பிய்ந்தாற்போல் இருந்தது அதன் முதுகு.

ஸ்வால்பார்டுக் கலைமான் தனி இனவகை. கால் குட்டை, உடம்பு பீப்பாய், முகம் உருண்டை. மற்ற நாட்டுக் கலைமான்கள் மாதிரிப் பெரிய மந்தையாக ஓடுவதில்லை, ஒன்றும் இரண்டுமாகத் திரிகின்றன. துரத்த ஓநாய் இல்லாத ஊரில் ஓடி என்ன பயன்? இருந்த இடத்தில் அசையாமல் நின்று கொழுப்பைச் சேர்த்து, குளிர்காலத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதே அதன் பிழைப்பு. வேட்டையால் அருகிப்போய், 1925-இல் பாதுகாப்பு கிடைத்தது. இன்று சுமார் 22,000 இருக்கலாம்.

அதற்கு எதிரி குளிர் இல்லை, குளிர்காலத்து மழை. ஜனவரியில் திடீரென்று வெப்பம் ஏறி மழை பெய்தால், அது பனிக்குள் இறங்கித் தரையில் கண்ணாடிப் பாளமாக உறைந்துவிடும். புல் அடியில் தெரியும், வாய்க்கு எட்டாது. குளம்பால் உடைக்கவும் முடியாது. அந்த மாதிரி ஆண்டுகளில் வசந்தத்தில் பள்ளத்தாக்கு முழுக்கச் செத்த மான்கள். பிழைத்தவை எங்கே போகின்றன தெரியுமா? கடற்கரைக்கு. அலை ஒதுக்கிய கடற்பாசியைத் தின்கின்றன. வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை, கழிந்து தள்ளும், ஆனாலும் உயிர் தங்கும். கடைசிக் கை கொடுப்பது இங்கேயும் கடல்தான்.

மறுபக்கமும் உண்டு. கோடை நீண்டதால் புல் கூடுதலாக முளைக்கிறது, அதனால் பல இடங்களில் மான் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. தலைக்குத் தீனி குறைந்து எடை இறங்கியிருக்கிறது: 1994-இல் பிறந்த பெண் மான்கள் வளர்ந்த பின் குளிர்கால முடிவில் 55 கிலோ இருந்தன, 2010-இல் பிறந்தவை 48 கிலோ. நிறைய மான்கள், சின்ன மான்கள்.

ஆலாக்கள் தலையில் கொத்துமா?

கொத்தும். நம் கடற்கரைகளில் பார்க்கும் ஆலாவின் சொந்தக்காரி, ஆர்க்டிக் ஆலா. 100 கிராம் எடை. வருஷத்துக்கு ஒரு முறை ஆர்க்டிக்கிலிருந்து அண்டார்க்டிக்காவுக்குப் போய் வருகிறது. கிரீன்லாந்தில் கருவி கட்டி அனுப்பியவை ஓர் ஆண்டில் 70,000 கிலோமீட்டர் பறந்தன என்று 2010-இல் கணக்கு வெளியானது. அவ்வளவு தூரம் வந்த பறவை சாலையோரச் சரளையில் முட்டை போட்டுவிட்டு, அந்த வழியாகப் போகிறவரையெல்லாம் தாக்கும். உடம்பில் உயரமான இடத்தைத்தான் குறிவைக்கும். அதனால் தலைக்கு மேல் ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். குச்சி இல்லாமல் போன அன்று என் தொப்பியில் இரண்டு குத்து, ஒரு எச்சம்.

ஐடர் வாத்து இதற்கு நேர் எதிர், வாயே திறக்காது. ஆனால் அது இடம் பிடிக்கும் சாமர்த்தியம்! லாங்யர்பியனுக்கு வெளியே பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களைக் கட்டி வைத்திருக்கும் பட்டி ஒன்று உண்டு. நூறு நாய் குரைத்துக்கொண்டிருக்க, வேலிக்கு வெளியே சில அடி தூரத்தில் வாத்துகள் வரிசையாக அடைகாக்கின்றன. நாய் சங்கிலியில் இருப்பது வாத்துக்குத் தெரியும். நரிக்கு நாயென்றால் பயம் என்பதும் தெரியும்.

நரி கனடாவுக்கு நடந்தே போனது உண்மையா?

உண்மை. இளம் பெண் நரி. 2018 மார்ச் 26-ஆம் தேதி ஸ்பிட்ஸ்பெர்கனை விட்டுக் கடல் பனியில் இறங்கியது. கிரீன்லாந்தைக் கடந்து 76 நாளில், ஜூன் 10-ஆம் தேதி வாக்கில், கனடாவின் எல்ஸ்மியர் தீவை அடைந்தது. கிளம்பிய இடத்திலிருந்து மொத்தம் 3,506 கிலோமீட்டர் நடந்திருந்தது. கிரீன்லாந்துப் பனிப்பரப்பில் ஒரே நாளில் 155 கிலோமீட்டர். கழுத்துப் பட்டையில் இருந்த கருவி சொல்லாவிட்டால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கடல் பனி என்பது அவற்றுக்குப் பாலம். அது இல்லாமல் போனால் ஸ்வால்பார்டு நரிகள் உண்மையிலேயே தீவில் மாட்டிக்கொள்ளும்.

ஊரில் நரி கண்டால் தொடக்கூடாது. வெறிநோயும் ஒரு வகை நாடாப்புழுவும் உண்டு. அந்தப் புழு வளர்ச்சியின் நடுவில் தங்குவதற்கு ஓர் எலியின் உடம்பு வேண்டும். ஸ்வால்பார்டின் சொந்த எலி என்று ஒன்று கிடையாது. குரூமாண்ட் என்ற பழைய ரஷ்யச் சுரங்க ஊருக்கு மாட்டுத்தீவனத்தோடு வந்த வயல் எலி வகை ஒன்று அந்தப் பக்கத்தில் நிலைத்துவிட்டது. ஊர் காலியாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று, எலி காலி செய்யவில்லை.

பெங்குவின்?

கிடையாது. அது தெற்குப் பாதிக்குச் சொந்தம். ஒரு வேடிக்கை மட்டும்: 'பெங்குவின்' என்ற பெயரை ஐரோப்பிய மாலுமிகள் முதலில் வைத்தது வட அட்லாண்டிக்கில் இருந்த, பறக்காத பெரிய ஆக் பறவைக்கு. அதைத் தின்றும் விற்றும் 1844-க்குள் தீர்த்துக்கட்டினார்கள். பெயர் மட்டும் தெற்கே போய்ப் பிழைத்துக்கொண்டது.

பாம்பு, கொசு?

பாம்பு இல்லை. கொசு உண்டு, ஒரே வகை, நம்மூர்க்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நன்னீர் மீனும் ஒரே வகைதான், ஆர்க்டிக் சார். குளிர்காலத்திலும் ஊரை விட்டுப் போகாத தரைப்பறவை ஒன்றே ஒன்று, பனிக்கோழி என்று சொல்லத்தக்க டார்மிகன். இலையுதிர் காலத்தில் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கொழுப்பாக இருக்கும்.

பூனை வளர்க்கத் தடை, சாகவும் தடை என்கிறார்களே?

பூனைக்குத் தடை உண்மை, பறவைகளுக்காகவும் வெறிநோய்க்காகவும். சாகத் தடை என்பது கட்டுக்கதை. உறைமண்ணில் புதைத்த சவப்பெட்டி மக்காமல் காலப்போக்கில் மேலே தள்ளப்படும் என்பதால், 1950 வாக்கிலேயே சவப்பெட்டி அடக்கத்தை நிறுத்தினார்கள். அஸ்திக் கலசம் வைக்க அனுமதி உண்டு. யாரும் செத்ததற்காக அபராதம் கட்டியதில்லை.

வால்ரஸ், திமிங்கிலம் எல்லாம் இன்னும் இருக்கின்றனவா?

வால்ரஸ் கதை ஆறுதலானது. தந்தத்துக்கும் கொழுப்புக்கும் முந்நூற்றைம்பது ஆண்டுகள் அடித்துக் கொன்றார்கள். 1952-இல் தடை வந்தபோது மிஞ்சியது நூறு அளவு. 2018-இல் வானிலிருந்து எண்ணியபோது சுமார் 5,500. முள்மீசையால் சேற்றைத் துழாவிச் சிப்பி தேடி, ஓட்டை உடைக்காமல் சதையை மட்டும் உறிஞ்சித் தின்னும். படகில் நூறு மீட்டர் தள்ளி நின்றோம். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன, ஒன்று புரண்டால் பக்கத்தில் இருப்பது தந்தத்தால் குத்தும், அது அடுத்ததைக் குத்தும். நாற்றம் படகு வரை வந்தது.

திமிங்கிலத்துக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. வில்தலைத் திமிங்கிலம் என்பது இருநூறு ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது, மெதுவாக நீந்தும், செத்தால் மிதக்கும். வேட்டைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஆம்ஸ்டர்டாம் தீவில் கொழுப்பைக் காய்ச்சவே ஒரு குடியிருப்பு அமைத்தார்கள், பெயரே ஸ்மீரன்பர்க், 'கொழுப்பூர்'. அடுப்புகளின் அடிப்பாகம் இன்றும் கரையில் இருக்கிறது. ஐரோப்பிய நகரங்களின் விளக்குக்கும் சோப்புக்கும் எண்ணெயாகி, அந்தக் கூட்டம் ஏறத்தாழ அழிந்தே போனது.

ஏறத்தாழ என்றுதான் சொல்ல வேண்டும். 2010 முதல் 2014 வரை ஸ்வால்பார்டுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் கடலுக்குள் ஓர் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டார்கள். நடுக்குளிர்காலம், முழு இருட்டு, மேலே பனிக்கட்டி. அதில் 184 வெவ்வேறு பாடல்கள் பதிவாகின, எல்லாம் வில்தலைத் திமிங்கிலங்கள் பாடியவை.

வெப்பமாதல் அங்கே எவ்வளவு தெரிகிறது?

1971-க்கும் 2017-க்கும் நடுவில் சராசரி வெப்பம் 3 முதல் 5 டிகிரி ஏறியிருக்கிறது, குளிர்காலத்தில் அதிகம். 2020 ஜூலையில் லாங்யர்பியனில் 21.7 டிகிரி. 2024 கோடையில் மட்டும் தீவுகளின் மொத்தப் பனியாறுகளில் ஏறக்குறைய 1 சதவீதம் உருகியது. ஒரே கோடையில்.

எனக்கு எண்களை விட அந்தக் கோபிபாட்தான் கவலை தருகிறது. குளிர்நீரில் வாழும் கோபிபாட் பெரியது, கொழுப்பு நிறைந்தது. வெந்நீரோட்டத்தோடு வரும் அட்லாண்டிக் வகை சின்னது, கொழுப்பு பல மடங்கு குறைவு. பக்கத்துக் கடலில் சின்ன வகை பெருகினால் லிட்டில் ஆக் நல்ல தீனிக்காகத் தூரம் போக வேண்டும். அரிசி இருக்கிறது, ஆனால் நொய். பறவை குறைந்தால் எச்சம் குறையும், சரிவின் பச்சை குறையும். மற்றதை நீங்களே கோத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம் புது விருந்தாளிகள். ஆயிரம் ஆண்டு காணாமல் போயிருந்த நீலச் சிப்பி 2004-இல் மேற்குக் கரையின் இஸ்ஃபியோர்டன் என்ற கடல் நுழைவில் திரும்பக் கிடைத்தது. 2013-இல் கானாங்கெளுத்தி வகை மீனும் வந்துவிட்டது.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நினைப்பதை விடப் பழையது. ஸ்வால்பார்டை நார்வேக்குக் கொடுத்த 1920 பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒரு தரப்பு. 2008 ஜூலையில் நி-ஓலெசுண்டில் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் திறந்தது. 2023 டிசம்பரில் முதல்முறையாகக் குளிர்காலத்திலும் இந்தியக் குழு போய்த் தங்கியது.

சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கோவாவின் துருவ ஆய்வு மையத்தோடு சேர்ந்து 2014 ஜூலையில் நி-ஓலெசுண்டை ஒட்டிய கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடல் நுழைவில், 192 மீட்டர் ஆழத்தில் 'இண்டார்க்' என்ற கருவித்தொகுதியை நங்கூரமிட்டது. நீரின் வெப்பத்தையும் உப்பையும் வருஷம் முழுக்க அது அளக்கிறது. அட்லாண்டிக் நீர் எப்போது, எவ்வளவு உள்ளே வருகிறது என்பதற்கான கணக்கு. மேலே சொன்ன நொய்யரிசிப் பிரச்சினையின் இன்னொரு முனை.

நான் போகலாமா? எப்போது போனால் எது தெரியும்?

போகலாம். ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம் என்று சொல்வார்கள், நம்பி ஏமாற வேண்டாம். நார்வேயின் ஆஸ்லோ அல்லது ட்ரோம்சோ வழியாகத்தான் விமானம். நார்வே, ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் இருக்கிறது, தீவு அதற்கு வெளியே. ஆக, இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வேண்டும். மார்ச், ஏப்ரலில் பனியும் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும். பூவுக்கும் வால்ரஸுக்கும் ஜூலை. பறவைக்கு ஜூன் கடைசியிலிருந்து.

பறவையில் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால், ஜூலை கடைசி வாரம் பார்த்துப் போய், ஹின்லோப்பன் ஜலசந்தியில் இருக்கும் ஆல்கெஃபியெல்லெட் பாறைக்குப் படகு பிடிக்கலாம். நூறு மீட்டர் உயரக் கருங்கல் தூண்கள், சுமார் 60,000 ஜோடி கில்லெமாட் பறவைகள். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், பறப்பதற்கான இறகு வளரும் முன்பே, விளிம்பிலிருந்து குதிக்கும். தகப்பன் கூடவே குதிக்கும். தண்ணீரில் விழுந்தவை பிழைத்தன, கரையில் விழுந்தவற்றை நரி பொறுக்கும். விழுந்த குஞ்சும் தகப்பனும் ஆயிரம் குரலுக்கு நடுவில் ஒன்றையொன்று கூப்பிட்டுச் சேர்ந்து, தெற்கு நோக்கி நீந்தத் தொடங்கும். தாய் வருவதில்லை. நான் ஜூலை 2-ஆம் தேதி விமானம் ஏறிவிட்டேன், மூன்று வாரம் முன்னதாக.